மூட்டைக்கு மூன்று படி, பீப்பாய்க்கு எவ்வளவோ

டீசல் விலை ஏறினால் என்ன ஆகும் என்று டிவியில் கோட்டு போட்ட நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களில் ஒருவராவது ஒரு கேன் டீசலை மலை மேல் கொண்டு வந்திருப்பாரா? நான் கொண்டு வந்திருக்கிறேன். பைக்கில் வீட்டுக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து, கேனை மடியில் அணைத்துப் பிடித்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். மூடி எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் சிந்தும். அப்புறம் எத்தனை சோப்பு போட்டாலும் அந்தச் சேலை லாரி ஷெட் வாசனைதான் அடிக்கும்.

காவலூரைத் தாண்டி ஜவ்வாது மலைக்குள் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அங்கே சாமை குத்தித் தரும் மில் வைத்திருக்கிறேன். மில் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கொட்டகை, உமி நீக்கும் மெஷின் ஒன்று, அதை ஓட்ட ஒரு கிழட்டு டீசல் இன்ஜின், அவ்வளவுதான். ஊரில் கரண்ட் இருக்கிறது, ஆனால் அது பல்பு எரியவும் மிக்ஸி ஓடவும்தான் ஆகும். மெஷின் ஓட த்ரீ பேஸ் லைன் வேண்டும். அதற்குக் கம்பம் மட்டும் முன்னாடியே வந்து நின்றுவிட்டது. கம்பி வந்ததும் ஒரு மோட்டார் வாங்கி மாட்டிவிட்டு, இன்ஜினை எடைக்குப் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காக ஒரு தொகை சேர்த்து வைத்திருந்தேன்.

எங்கள் மில்லில் கூலி காசாக வாங்குவதில்லை. மூட்டைக்கு மூன்று படி சாமை. ஊர் கூடிப் பேசி முடித்த கூலி அது. சாமை கொண்டு வருகிறவர்கள் கையில் அன்றைக்குக் காசு இருக்காது, ஆனால் சாமை இருக்குமே, அதனால் வந்த வழக்கம். நல்ல வழக்கம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு வரவு சாமை, செலவு டீசல். டீசல் ஏறும், படி அப்படியே நிற்கும். கூலியை ஏற்ற வேண்டும் என்றால் திருவிழாவுக்கு முன்னால் கூடும் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும். ஒரு தடவை கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "இன்னாம்மா, டீசலு ஏறிச்சின்னா எங்க கொல்லைல சாமையும் சேத்து வெளையுமா?" என்றார். கூட்டமே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு நானாகப் போடவில்லை.

அந்தக் கோபத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. டீசல் விலை ஏறினால் நான் அழுகிறேன். அப்படியானால் யார் சிரிக்கிறார்கள்? ஆலங்காயம் பக்கம் நாங்கள் டீசல் வாங்குகிற பங்க்கின் மேலே பெரிய போர்டில் பெயர் போட்டிருக்கிறதே, அந்தக் கம்பெனிக்காரன்தான் சிரிப்பான். ஷேர் மார்க்கெட்டில் அந்தக் கம்பெனியின் பங்கை வாங்கிப் போட்டால்? டீசல் ஏறினால் மில்லில் போவது பங்கில் வந்துவிடும். இறங்கினால் பங்கில் போவது மில்லில் வந்துவிடும். எப்படி விழுந்தாலும் நான் காலூன்றி நிற்பேன். இதைக் கண்டுபிடித்த அன்று என்னையே எனக்கு மெச்சிக்கொள்ளத் தோன்றியது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்று யார் சொல்வார்கள்?

வேலூரில் காலேஜ் படிக்கும் என் அண்ணன் மகள் லீவுக்கு வந்தபோது போனில் கணக்குத் திறந்து கொடுத்தாள். பங்கு விலை ஒரு பக்கம், கச்சா எண்ணெய் விலை ஒரு பக்கம் என்று பார்க்கவும் சொல்லிக் கொடுத்தாள். "அத்தை, எதுக்கும் கொஞ்சமா போடுங்க" என்றாள். நான் மோட்டார் காசு மொத்தத்தையும் போட்டேன். வீட்டுக்காரரிடம் அப்புறம் சொன்னேன். அவர் பீடியைப் பற்ற வைத்து, "இனிமே பங்க்ல போயி மொதலாளியம்மான்னு சொல்லி ஓசில கேக்கலாம் போல" என்றார். அன்றிலிருந்து டீசல் வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டம்தான்.

இதில் ஒரு சங்கடம், ஊருக்குள் சிக்னல் கிடையாது. மேற்கே ஒரு பெரிய பாறை இருக்கிறது, அதன் மேல் ஏறினால்தான் போன் உயிர் பெறும். காவலூர் வானாய்வு நிலையத்தில் அத்தனை பெரிய கண்ணாடியை வைத்து நட்சத்திரம் பார்க்கிறார்கள், பக்கத்து மலையில் நான் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கச்சா எண்ணெய் பார்க்கிறேன். அவர்கள் ராத்திரி பனியில் நடுங்குகிறார்கள். நான் காலையில், மில் திறக்கும் முன்னால் ஏறிவிடுவேன்.

தனியாக ஏறுவதில்லை. மில்லில் என்னோடு சாமை புடைக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். அவள் புருஷன் வளைகுடாவில் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கிற ஒரு யார்டில் சாரம் கட்டும் வேலைக்குப் போயிருந்தான். அங்கே வேலை தொடங்கும் முன் அவன் போன் செய்வான், அந்த நேரத்துக்கு இவள் பாறை மேல் இருக்க வேண்டும். ஆக, ஒரே பாறையில் நான் எண்ணெய் விலை பார்ப்பேன், அவள் எண்ணெய்க்கு நடுவில் நிற்கிற புருஷனைப் பார்ப்பாள். வீடியோவில் அவனுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக அந்தத் தொட்டிகள் தெரியும். ஒவ்வொன்றும் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலைப் போல நாலு மடங்கு. "ஏம்பா, அதுல ஒரு குடம் மொண்டு அனுப்பக் கூடாதா?" என்று நான் குறுக்கே புகுந்து கேட்பேன். அவன் சிரிப்பான். நல்ல பையன். கொஞ்சம் காசு சேர்த்து வீட்டுக்குத் தளம் போட வேண்டும் என்று போனவன்.

கொஞ்ச காலம் பங்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. படுத்துக்கிடந்தது. எனக்குப் பொறுமை கிடையாது. பானையில் அரிசி போட்டதும் மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறவள் நான். தினமும் பாறைக்கு ஏறி, "இன்னிக்கும் ஒண்ணியும் இல்ல" என்று திட்டிக்கொண்டே இறங்குவேன்.

மாசி மாதம் வளைகுடாவில் சண்டை மூண்டது. எந்த நாட்டுக்காரன் எந்த நாட்டுக்காரன் மேல் எதற்குக் குண்டு போட்டான் என்று டிவியில் விளக்கினார்கள், எனக்கு ஏறவில்லை. எனக்கு ஏறியது ஒன்றுதான். மறுநாள் காலை பாறை மேல் போனைத் திறந்தால் கச்சா எண்ணெய் கிடுகிடுவென்று ஏறியிருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஏறட்டும், ஏறட்டும், இன்னும் ஏறட்டும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மோட்டார் என் கண் முன்னால் சுற்றியது.

பக்கத்தில் அவள் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தாள். அடித்து அடித்து ஓய்ந்துகொண்டிருந்தது. எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். அப்போதும் எடுக்கவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நீ ஏறட்டுன்ற. எங்க வூட்டாரு கீற எடம் எரிஞ்சாத்தான் அது ஏறும்."

அவள் பாறையிலிருந்து விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்று, செய்வதறியாமல், கையில் இருந்த போனில் என் பங்கின் விலையைப் பார்த்தேன். கச்சா எண்ணெய் அத்தனை ஏறியும் என் பங்கு சிவப்பாகக் கிடந்தது. இறங்கியிருந்தது. அதுவும் கொஞ்ச நஞ்சமாக இல்லை.

அன்று அவள் வேலைக்கு வந்தாள். வராமல் இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். முறத்தை எடுத்தாள், புடைத்தாள், தூற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. இன்ஜின் சத்தத்தில் நாங்கள் எப்போதுமே கத்தித்தான் பேசுவோம், அதனால் பேசாமல் இருப்பது வெளியில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அவளுக்கென்று வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. அவள் புருஷன் இருந்த பக்கத்தில் ஒரு எண்ணெய் யார்டு எரிகிறது என்று டிவியில் காட்டினார்கள். எந்த யார்டு என்று சொல்லவில்லை. கரும்புகையை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

அடுத்தடுத்த நாட்களிலும் போன் எடுபடவில்லை. அவனை அனுப்பிய ஏஜென்டுக்கு நானே பாறையிலிருந்து போன் போட்டேன். "எல்லாம் சேஃபா இருக்காங்கம்மா" என்றார். யாரிடம் கேட்டுச் சொல்கிறீர்கள் என்றேன். வேறு லைனில் ஆள் இருக்கிறது என்று வைக்கப் பார்த்தார். நான் அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அந்த வாரத்தில்தான் வாணியம்பாடியிலிருந்து புளி வியாபாரி பாய் மலைக்கு வந்தார். ஒவ்வொரு வருடமும் எங்கள் பக்கத்துப் புளியை எடுக்கிறவர். மில்லில் எனக்குச் சேர்கிற கூலிச் சாமையையும் அவர்தான் வாங்குவார். பேச்சுவாக்கில் அவரிடம் புலம்பினேன். எண்ணெய் ஏறுகிறது, எண்ணெய்க் கம்பெனி இறங்குகிறது, இது எந்த ஊர் நியாயம் பாய் என்று கேட்டேன். எந்தக் கம்பெனி என்றார். சொன்னேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு, மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசிப்பது போல் நின்றார்.

"அது தரைக்குள்ளேர்ந்து எண்ணெய் எடுக்கற கம்பெனி இல்லம்மா. வாங்கி விக்கற கம்பெனி. அவங்க வாங்கற வெல ஏறிப்போச்சு. விக்கற வெலய அவங்க இஷ்டத்துக்கு ஏத்த முடியாது, மேலேர்ந்து வுட மாட்டாங்க" என்றார்.

நான் உமி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாங்குகிற விலை ஏறும், விற்கிற விலை ஏறாது. ஏற்ற வேண்டும் என்றால் ஒரு கூட்டம் கூடிச் சம்மதிக்க வேண்டும். இந்தக் கதையை நான் எங்கே கேட்டிருக்கிறேன்? மூட்டைக்கு மூன்று படி! அடப்பாவி, அந்தக் கம்பெனிக்காரனும் என்னைப் போலவே ஒரு மில்காரன். அவனுக்கு ஊர்க் கூட்டம் டெல்லியில் கூடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். என் மில் நஷ்டத்துக்கு மருந்து என்று நினைத்து, காசைப் போட்டு இன்னொரு நஷ்ட மில்லை வாங்கியிருக்கிறேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பாய் பயந்து போய் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

முறத்தோடு நின்றவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பாய் போன பிறகு நான் அவளிடம் போனேன். மன்னிப்புக் கேட்பது எனக்கு வராத வித்தை. கேட்கப் போனாலும் சண்டை மாதிரிதான் வரும். "இதப் பாரு, அது ஏறினா எனக்கு டீசலும் போச்சு, பங்கும் போச்சு. இனிமே எறங்கணும்னு உன்னவிட நான்தான் வேண்டிக்கணும்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு நான் வைத்து ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

தப்பான பங்கை வாங்கியதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது. வேறு பங்கை, அந்தப் பாய் சொன்ன மாதிரி தரைக்குள்ளிருந்து எடுக்கிறவன் பங்கை, வாங்கியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நான் யோசிப்பதில்லை. அவள் பக்கத்தில் நின்றுகொண்டு விலை ஏற ஏற உள்ளுக்குள் குளிர்ந்திருப்பேனா? தெரியவில்லை. அந்தச் சோதனையை மாரியம்மன் எனக்கு வைக்கவில்லை.

அதன் பிறகு தினமும் சேர்ந்தே ஏறினோம். நான் விலையைப் பார்ப்பேன். "இன்னாக்கா?" என்பாள். இறங்கியிருந்தால் அவள் மூச்சு விடுவது கேட்கும். ஏறியிருந்தால் நான் பொய் சொல்வேன், அப்படியேதான் கீது என்பேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். எனக்குக் கோபம்தான் நன்றாக வரும், பொய் வராது. பிறகு அவள் போன் போடுவாள். அது அடித்து ஓயும் வரை இரண்டு பேரும் நிற்போம். கீழே ஊரில் கோழி கூவும், யாராவது மில் திறந்தாயிற்றா என்று கத்துவார்கள். திறக்கவில்லை, போய்த் தொலையுங்கள் என்று நான் பதிலுக்குக் கத்துவேன்.

ஒருநாள் காலை பாறை மேல் நான் இன்னும் என் போனை இடுப்பிலிருந்து எடுக்கக்கூட இல்லை, அவள் போன் அடித்தது. அவசரத்தில் அவள் தப்பான இடத்தையே அழுத்திக்கொண்டிருந்தாள். நான் பிடுங்கி எடுத்தேன். அவன்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், ஏதோ ஒரு பள்ளிக்கூட ஹாலில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். எரிந்தது பக்கத்து யார்டாம். உடுத்திய துணியோடு இவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டு போய்விட்டார்களாம். போன் யார்டு ரூமில் சார்ஜில் போட்டபடியே கிடந்துவிட்டதாம். இதுவும் யாரோ ஒரு மலையாளத்துப் பையனுடைய போன். "போன் பண்ண ஒரு வழி கெடைக்கலயா ஒனக்கு, இங்க ஒருத்தி உயிர வுட்டுக்கினு கீறா" என்று நான் ஆரம்பித்தேன். பாதியிலேயே போனை அவளிடம் கொடுத்தேன்.

அவளை அவன் அழுது முடிக்க விட்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். எரிந்த யார்டைச் சரி செய்ய ஆள் வேண்டுமாம். எண்ணெய் விலை ஏறியிருப்பதால் கம்பெனிக்கு அவசரமாம். அங்கேயே இருக்கிறவர்களுக்குச் சம்பளம் இரட்டிப்பாம். ஊருக்குப் போகிறவர்களுக்கு இப்போதே டிக்கெட். அவன் இருக்கலாம் என்று பார்க்கிறான். தளம் போட்டுவிடலாம், ஒரே வருடம்தான் என்றான்.

அவள் பாறையின் சொரசொரப்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"வந்துடுய்யா. இங்க மில்லுல ஆளு இல்லாம அக்கா கஷ்டப்படுறாங்க."

மில்லில் ஆள் தேவையா? எங்கள் இரண்டு பேருக்கே வேலை போதாமல்தான் இருந்தது. போனை என் பக்கம் திருப்பினாள். திரையில் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்பா. இன்ஜினு ஓட்ட ஆளே இல்ல" என்றேன். என் வாழ்க்கையில் நான் தடுமாறாமல் சொன்ன ஒரே பொய் அதுதான்.

"கூலி இன்னாக்கா?" என்றான்.

"ஊரு கூலிதான். மூட்டைக்கு மூணு படி. நாம மூணு பேரு, ஆளுக்கு ஒரு படி."

எண்ணெய்க்கு நடுவில் இருந்து பிழைத்தவன் அல்லவா, சரியான இடத்தில் கையை வைத்தான்.

"அப்ப டீசலுக்குக்கா?"

"அத நான் பாத்துக்கறேன். நீ வந்து சேரு" என்றேன்.

அன்று மத்தியானமே மறுபடி பாறை ஏறி, அண்ணன் மகளிடம் பேசிப் பங்கை விற்கச் சொன்னேன். "அத்தை, இப்ப போயி விக்காதீங்க. ரொம்ப இறங்கிக் கெடக்கு. சண்டை முடிஞ்சா ஏறும், வெயிட் பண்ணுங்க" என்று கெஞ்சினாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பின்னால் ஏறவும் செய்தது. ஆனால் நான் அன்றைக்கே விற்றுவிட்டேன். மோட்டாருக்கென்று போட்டதில் தேறிய மிச்சம், கேன் கேனாக அதே கம்பெனியின் பங்க்குக்கே திரும்பப் போய்க்கொண்டிருக்கிறது. கம்பத்துக்குக் கம்பி போன மாதம் வந்துவிட்டது. மோட்டார் இல்லாததால் அதில் காக்கா உட்கார்ந்திருக்கிறது.

இன்ஜினை இப்போது அவன்தான் ஓட்டுகிறான். வந்த முதல் நாள், கேனை நீ தூக்காதேக்கா என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினான். அவள் முறத்தை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கூலிச் சாமையை மூன்றாக அளந்தோம். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "மொதலாளியம்மா, ஒன் பங்கு ஒரு படியா கொறஞ்சிடுச்சே" என்றார். குறைந்துதான் போய்விட்டது. அவளும் அவனும் அவர்கள் சாமையை ஒரே பையில் கொட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பாறைக்கு இப்போது நாங்கள் இரண்டு பேருமே போவதில்லை.